காரிடார்ல போட்ட நெல்லு ஏன் இப்படி பண்ணுது? அறிகுறிய வெச்சு கண்டுபிடிக்கிற வழி

சிங்கப்பூர் யீஷூன்ல 9வது மாடி காரிடார்ல பக்கெட் வெச்சு நம்ம ஊரு பழைய நெல்லும் கேழ்வரகும் போட ஆரம்பிச்சு 5 வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷம் வெறும் வைக்கோல்தான் அறுத்தேன். அப்புறம் அக்கம்பக்கத்துல ஒவ்வொருத்தரா "அண்ணே, முளைக்கல", "அண்ணே, மஞ்சளாவுது", "அண்ணே, ஏழு மாசம் ஆச்சு கதிரே காணோம்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. திரும்பத் திரும்ப அதே 7, 8 பிரச்சனைதான், அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். ஏன் எதுக்குங்கிற பாடமெல்லாம் கம்மியாதான் இருக்கும், உங்க செடில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, முதல்ல சொல்ற காரணம் காசு செலவில்லாதது, கீழ போகப் போக செலவும் அலைச்சலும் கூடும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், பாதிக்கு மேல தப்பு விதைல இல்ல, காரிடார்லதான்.

விதைச்சேன், முளைக்கவே இல்ல

முதல் கேள்வி, நீங்க போட்டது விதையா அரிசியா? சிரிக்காதீங்க, வாரத்துக்கு ஒருத்தர் இதுல மாட்டுறாங்க. தேக்கா கடைல மாப்பிள்ளை சம்பானு அரிசி பாக்கெட் வாங்கி அப்படியே மண்ணுல தூவிடுறாங்க. பாக்கெட்ல "புழுங்கல்"னு இருந்தா விட்டுடுங்க, அது உமியோட இருக்கும்போதே வெந்துபோச்சு, உயிர் கிடையாது. பச்சையா உமி மட்டும் நீக்குன சிவப்பரிசினா ஓரத்துல அந்தக் குட்டி முளைப்பகுதி இருக்கானு நகத்தால தடவிப் பாருங்க, இருந்தா 10 அரிசிய ஈர டிஷ்யூல 4 நாள் வெச்சுப் பாக்கலாம், ஆனா உமி இல்லாததால முளைக்கிறதுக்கு முன்னாடியே பூசணம் புடிச்சிடும், நான் 10ல 2தான் பாத்திருக்கேன்.

சிறுதானியத்துலயும் இதே கதைதான். கடைல கிடைக்கிற தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் தோல் உரிச்சது, சோத்துக்குத்தான் ஆகும். ஆனா கேழ்வரகு, கம்பு, சோளம் இதுக்கெல்லாம் அந்த மாதிரி உமி கிடையாது, முழுசா விக்கிற பாக்கெட்ட வாங்கிப் போட்டா முளைக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்க கேழ்வரகுல ஆரம்பிங்கனு நான் சொல்றது இதனாலதான்.

உமியோட இருக்கிற நிஜமான விதைநெல்லுதானா?

அப்ப உப்புத்தண்ணி சோதனை. தண்ணில உப்பக் கரைச்சுக்கிட்டே வாங்க, ஒரு கோழிமுட்டைய போட்டா மேல ஒரு காசு அளவு தலை நீட்டணும், அந்தப் பதத்துல நெல்லக் கொட்டுங்க, மிதக்கிறத அள்ளி எறிஞ்சிட்டு முங்குனத மட்டும் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ அலசி எடுங்க, அலசாம விட்டா உப்பே கொன்னுடும்.

அப்புறம் 24 மணிநேரம் ஊறல், தண்ணிய வடிச்சுட்டு ஈரத்துணில கட்டி 24 மணிநேரம் மூட்டம். நம்ம தாத்தாங்க சாக்குல கட்டி வெச்ச அதே கணக்குதான். ஊற வெச்சத மறந்துட்டு மூணு நாள் கழிச்சு தொறந்தேன் ஒரு தடவ, பழைய கஞ்சி புளிச்ச மாதிரி நாத்தம், அந்த நாத்தம் வந்தா மூச்சு முட்டி செத்துடுச்சுனு அர்த்தம்.

இதெல்லாம் சரியா பண்ணியும் முளைக்கலனா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, அறுத்து ரொம்ப நாள் ஆகாத விதை, பழைய ரகம் நிறைய சில வாரம் தூங்கிட்டுத்தான் எழும், ஒரு மாசம் கழிச்சு திரும்பப் போடுங்க. ரெண்டாவது, விதை பழசாயிடுச்சு. எண்ணிப் பாத்துடுங்க, 100 நெல்ல ஈரத்துண்டுல வரிசையா அடுக்கிச் சுருட்டி ஒரு வாரம் வைங்க, 80க்கு மேல வந்தா நல்ல விதை, 50லேர்ந்து 80னா ரெட்டிப்பா போடுங்க, அதுக்கும் கீழனா விதை குடுத்தவர்கிட்ட பேசுங்க, மண்ணத் திட்டி பிரயோஜனமில்ல.

ஊருக்குப் போயிட்டு வரும்போது விதைய துணில முடிஞ்சு பெட்டிக்குள்ள சொருகி எடுத்துட்டு வராதீங்க. வெளிநாட்டு விதைக்கு என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) விதிமுறை இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டுட்டு அதுப்படி செய்ங்க. நல்லா வந்தப்புறம் பக்கத்து வீட்டுக்கு பகிர்ந்து குடுங்க. பழைய நெல் ரகங்கள மீட்ட திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கிட்டிருந்தாரு, 170க்கு மேல பழைய ரகம் அப்படித்தான் திரும்ப நடமாட ஆரம்பிச்சுது. நாங்க எங்க புளோக்ல அதே கணக்க ஸ்பூன்ல வெச்சிருக்கோம், ஒரு ஸ்பூன் குடுத்தா ரெண்டு ஸ்பூன்.

முளைச்சுது, ஆனா வெளுத்து நெட்டையா வளந்து சாயுது

வெயில் பத்தல. வேற எதையும் யோசிக்காதீங்க. நெல்லுக்கு நேரடி வெயில் 6 மணிநேரமாவது வேணும். லீவு நாள்ல ஒரு மணிநேரத்துக்கு ஒரு தடவ போய் பக்கெட் மேல வெயில் விழுதானு பாத்து குறிச்சு வைங்க, "நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு"னு சொல்றவங்க வீட்ல எல்லாம் எண்ணிப் பாத்தா 2 மணிநேரம்தான் தேறுது.

இங்க ஒரு விஷயம் ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு புடிபடாது. நாம பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கோம், சூரியன் வருஷத்துல பாதி வடக்கால போகும், பாதி தெற்கால போகும். வடக்கு பாத்த காரிடார்ல மே, ஜூன், ஜூலைல வெயில் உள்ள வரும், டிசம்பர்ல ஒண்ணுமே வராது. தெற்கு பாத்ததுக்கு அப்படியே தலைகீழ். எனக்கு வடக்கு பாத்தது, ஆடிப்பட்டம்னு ஊர்க் கணக்குல ஆகஸ்ட்ல விதைச்சு பல்ல இளிச்சேன். இப்ப பிப்ரவரி கடைசில விதைக்கிறேன், பயிர் நல்லா தூர் கட்டி வளர்ற நேரமும் வெயில் உள்ள வர்ற நேரமும் ஒத்துப்போவுது.

காரிடார் எந்த மாசமும் 4 மணிநேரம் தாண்டலனா நெல்லு வேண்டாம், சமூகத் தோட்டத்துல ஒரு பாத்தி கேளுங்க, இல்லனா என்பார்க்ஸ் வாடகைக்கு விடுற தோட்டப் பாத்திக்கு பதிஞ்சு வைங்க. செடி லைட் வாங்கி மாட்டலாமேனு கேப்பீங்க, மாட்டலாம்தான், கரண்ட் பில்லு வந்ததும் தேக்காலயே அரிசி வாங்கியிருக்கலாம்னு தோணும்.

இலை மஞ்சளாவுது

எந்த இலைனு பாருங்க, அதுலதான் பதில் இருக்கு.

அடி இலை, பழைய இலை நுனிலேர்ந்து மஞ்சளானா சத்துக் குறைவு, தழைச்சத்து பத்தல. நர்சரில விக்கிற கோழி எரு உருண்டை ஒரு கைப்பிடி மண்ணுக்குள்ள அமுக்கி விடுங்க, 10 நாள்ல பச்சை திரும்பும். பஞ்சகவ்யம் காரிடார்ல தெளிச்சுப் பாத்தேன், செடிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, எதிர் வீட்டு மலாய் அம்மாதான் ரெண்டு நாள் கதவத் தொறக்கல.

புது இலை, குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரிஞ்சா இரும்புச்சத்து ஏறல. பாக்கெட் மண்ணுல நெல்லப் போட்டு ரோஜாச் செடிக்கு விடுற மாதிரி தண்ணி விட்டா இப்படித்தான் ஆகும். மண்ணு எப்பவும் சேறா இருந்தா பாதி தானா சரியாயிடும், அப்புறமும் வெளுப்பு போகலனா நர்சரில இரும்புச்சத்து பொடி கேளுங்க. மண்ணையும் மாத்துங்க, தேங்காநார் கலந்த லேசான கலவை நெல்லுக்கு ஆகாது, மிதக்கும். நான் இங்க விக்கிற சுட்ட செம்மண்ணு ரெண்டு பங்கு, மக்குன எரு ஒரு பங்கு போடுறேன்.

இலை ஓரமா நுனிலேர்ந்து அலை அலையா மஞ்சளாகி வைக்கோல் மாதிரி காஞ்சுட்டு வந்தா கொஞ்சம் பயப்படணும். ஒரு கண்ணாடி கிளாஸ்ல சுத்தமான தண்ணி எடுத்துக்குங்க, மஞ்சளும் பச்சையும் சேர்ற இடத்துல இலைய கத்திரியால வெட்டி வெட்டுவாய் தண்ணில படுற மாதிரி தொங்க விடுங்க, வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சு அசையாம ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. வெட்டுன இடத்துலேர்ந்து பால் கசியிற மாதிரி, ஊதுபத்திப் புகை கீழ இறங்குற மாதிரி மெல்லிசா ஒரு இழை இறங்குச்சுனா பாக்டீரியா இலைக்கருகல். அதுக்கு வீட்ல பண்ற வைத்தியம் எதுவும் கிடையாது. செடியப் புடுங்கி பையில கட்டி குப்பைல போடுங்க, உரக்குழில போடாதீங்க, அதுலேர்ந்து விதை எடுக்காதீங்க. சமூகத் தோட்டத்துல வந்திருந்தா மறைக்காம தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி என்பார்க்ஸ் ஆளக் கூப்பிடச் சொல்லுங்க, பக்கத்துப் பாத்திலயும் நெல்லு இருக்கலாமில்ல.

புள்ளி புள்ளியா வந்தா: எள்ளு மாதிரி உருண்டைப் பழுப்புப் புள்ளினா செம்புள்ளி, செடி பசியா இருக்குனு அர்த்தம், எரு வைங்க. ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல் நிறமா கண்ணு மாதிரி இருந்தா குலைநோய், அதுக்கு எருவ நிறுத்துங்க, பக்கெட்ட தள்ளித் தள்ளி வெச்சு காத்து விடுங்க. ரெண்டுக்கும் வைத்தியம் நேரெதிர், அதனால பூதக்கண்ணாடி இல்லனா போன் கேமராலயாவது பெருசாக்கிப் பாத்துட்டு கை வைங்க.

பக்கெட் தண்ணில என்னமோ நெளியுது

தலைகீழா தண்ணி மேல தொங்கிட்டு, உங்க நிழல் பட்டதும் சடார்னு கீழ போனா கொசுப்புழு. அடில சேத்துல சிவப்பா நூல் மாதிரி நெளியிறது வேற, அதால கெடுதி இல்ல.

கொசுப்புழுனா அந்த நிமிஷமே தண்ணியக் கொட்டுங்க, நெல்லு போனா போவுது. முட்டைலேர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம் போதும், அதிகாரி வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா அபராதம், அதவிட எதிர் வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தா மூஞ்சில எப்படி முழிக்கிறது. தண்ணிய மட்டும் கொட்டுனா பத்தாது, முட்டை பக்கெட் சுவத்துல ஒட்டிட்டு மாசக்கணக்குல காஞ்சு கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும், அதனால உள்சுவத்த பிரஷ் போட்டு தேய்ங்க.

நிரந்தர வழி இது: நெல்லுக்கு தண்ணி தேங்கி நிக்கணும்னு அவசியமே இல்ல, சேறா இருந்தா போதும். பக்கெட் அடில ஓட்டை போடாம, மண்மட்டத்துக்கு 3 செ.மீ கீழ பக்கவாட்டுல ஒரு ஓட்டை போடுங்க. மழைச்சாரல் அடிச்சாலும் அதிகத் தண்ணி அது வழியா வடிஞ்சிடும், மேல குளம் கட்டாது. அதுக்கும் மேல ஒரு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, பிடிஐங்கிற கொசுப்புழுவக் கொல்ற குருணைய பாக்கெட்ல போட்ட அளவுப்படி போட்டுட்டு வாங்க. புளோக் கீழ டெங்கி சிவப்பு பேனர் கட்டிட்டாங்கனா, அதாவது அந்த இடத்துல 10 பேருக்கோ அதுக்கு மேலயோ டெங்கி வந்திருக்குனா, அந்தப் போகம் நெல்ல விட்டுட்டு கேழ்வரகுக்கு மாறிடுங்க.

மாசக்கணக்கா பச்சைப் பசேல்னு நிக்குது, கதிர் வரல

எனக்கு ரொம்ப நாள் தூக்கம் கெடுத்த கேஸ் இதுதான்.

முதல்ல நாள் கணக்கு. உங்க ரகம் எத்தனை நாள் பயிர்னு தெரியுமா? அறுபதாம் குறுவை, பூங்கார் மாதிரி குறுகிய காலம்னா மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும், சீரகச் சம்பா நாலு மாசத்துக்கு மேல, மாப்பிள்ளை சம்பா 160 நாள் கிட்ட, காட்டுயானம் 180. மூணாவது மாசத்துல "காட்டுயானம் கதிர் வரல அண்ணே"னு கேட்டா வராதுதான்.

அடுத்து எரு. இலை கரும்பச்சையா, அகலமா, தொங்கிட்டு இருந்தா தழைச்சத்து ஓவர், நிறுத்திட்டு மூணு வாரம் பாருங்க.

ரெண்டும் இல்லனா லைட்டு. பகல் வெளிச்சம் இல்ல, ராத்திரி வெளிச்சம். பழைய சம்பா ரகமெல்லாம் ராத்திரி நீளமாகுறத வெச்சுத்தான் கதிர் விடணும்னு முடிவு பண்ணும், ஐப்பசி கார்த்திகைல ராத்திரி நீளுதுல்ல அந்தக் கணக்கு. இது எவ்வளவு நுணுக்கம்னா, பக்கத்துல மலாக்கால சியாம் 29ங்கிற நெல்ல வெச்சுப் பாத்து 1959ல எழுதியிருக்காங்க, அங்க வருஷத்துல நீளமான பகலுக்கும் குட்டியான பகலுக்கும் வித்தியாசம் வெறும் 14 நிமிஷம், ஆனா செப்டம்பர்ல நட்டா 161 நாள்ல பூத்துச்சாம், ஜனவரில நட்டா 329 நாள். 14 நிமிஷத்துக்கே இந்தக் கூத்துனா, சாயங்காலம் 7 மணிக்கு எரிஞ்சு காலைல 7 மணிக்கு அணையிற காரிடார் லைட்டுக்குக் கீழ அது எப்படி ராத்திரினு நம்பும்?

எனக்கு இது தெரிஞ்சதே தற்செயல்தான். ஒரே நாள்ல நட்ட மாப்பிள்ளை சம்பா மூணு பக்கெட். இடம் இல்லாம ஒண்ண மட்டும் செருப்பு அலமாரிக்குப் பின்னாடி தள்ளி வெச்சிருந்தேன். வெயில் அதுக்குத்தான் கம்மி, குச்சி குச்சியா நோஞ்சானா இருந்துச்சு, ஆனா அதுதான் கதிர் விட்டுச்சு. லைட்டுக்குக் கீழ இருந்த ரெண்டும் அஞ்சரை அடி வளந்து ஏழு மாசம் சும்மா நின்னுச்சு. ராத்திரி எந்திரிச்சுப் போய் பாத்தப்பதான் உறைச்சுது, அலமாரி நிழல் சரியா அந்த பக்கெட் மேல.

சோதனை: ராத்திரி 11 மணிக்கு பக்கெட் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து தமிழ் முரசு செய்தி எழுத்த படிக்க முடியுதானு பாருங்க. படிக்க முடிஞ்சா உங்க நெல்லுக்கு அது ராத்திரி இல்ல. கணக்கு என்னோடதுதான், ஆனா இதுவரைக்கும் தப்பல.

சரி பண்ண முதல்ல பக்கெட்ட லைட்டுக்கு மறைவான மூலைக்கு நகத்துங்க. நகத்த இடமில்லனா ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, உள்ள கறுப்பு குப்பைப் பை ஒட்டி, சாயங்காலம் 7 மணிக்கு கவுத்துட்டு காலைல 7 மணிக்கு எடுங்க. நட்டு ரெண்டு மாசம் ஆனப்புறம் ஆரம்பிச்சா போதும், மூணு வாரம் ஒரு நாள் விடாம பண்ணணும், நடுவுல ரெண்டு நாள் மறந்தா நான் திரும்ப முதல்லேர்ந்து எண்ணுவேன். மூடத் தொடங்கி எட்டாவது வாரம் எனக்கு கதிர் எட்டிப் பாத்துச்சு. வேலைக்குப் போற அவசரத்துல பெட்டிய எடுக்க மறந்து உச்சி வெயில்ல வெந்துபோன பக்கெட்டும் ஒண்ணு உண்டு, போன்ல அலாரம் வைங்க.

லைட்ட துணி போட்டு மூடலாமா, பல்ப கழட்டலாமானு ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம்யா, அது எல்லாருக்கும் பொதுவான லைட்டு, வயசானவங்க நடக்குற இடம். இந்த வேலையெல்லாம் ஒத்துவராதுனா வெளிச்சத்த அவ்வளவா கண்டுக்காத குறுகிய கால ரகத்துக்குப் போயிடுங்க.

கதிர் வந்துச்சு, மணி இல்ல

கதிர் மொத்தமும் வெள்ளையா நிமிந்து நின்னா மேல புடிச்சு லேசா இழுங்க. வழுக்கிட்டு கையோட வந்துச்சுனா குருத்துப்பூச்சி தண்டுக்குள்ள இருக்கு, அந்தத் தண்ட அடியோட அறுத்து பொளந்து புழுவ நசுக்குங்க. இழுத்தா வராம, கதிர்க் கழுத்துல கறுப்பா அழுகி ஒடிஞ்சிருந்தா கழுத்துக் குலைநோய், அந்தக் கதிர் போச்சு.

கதிர்ல அங்கங்க பதரா இருந்தா உங்க கைதான் காரணமா இருக்கும். நெல்லு பூக்குறது காலைல 9லேர்ந்து 12 மணிக்குள்ள, அந்த நேரத்துல மேல தண்ணி தெளிச்சா மகரந்தம் போயிடும். பூக்குற ரெண்டு வாரம் அடில மட்டும் ஊத்துங்க. டிசம்பர் மழைல பூத்தா ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்குத்தான் விதைக்கிற மாசத்த முன்னாடியே பாக்கச் சொன்னேன். பிரஷ் வெச்சு தடவுறதெல்லாம் வேண்டாம், நெல்லு தன்னைத் தானே பாத்துக்கும்.

மணில பழுப்புப் புள்ளி, கசக்குனா மூட்டைப்பூச்சி நாத்தம்னா கதிர்நாவாய்ப்பூச்சி, பால் பிடிக்கிறப்ப வந்து உறிஞ்சிடும். விடிகாலைல கையாலயே புடிக்கலாம். 9வது மாடில எனக்கு வந்ததில்ல, சமூகத் தோட்டத்துல நிறைய.

நேத்து இருந்த மணி இன்னைக்கு இல்லனா சில்லைக் குருவி. உமி மட்டும் கீழ சிதறிக் கிடக்கும். கதிர் பால் பிடிச்ச அன்னைக்கே கல்யாணத்துல பாக்கு போட்டுத் தர்ற வலைப்பை இருக்குல்ல, அத மாட்டி கட்டிடுங்க.

செடி சாஞ்சு நடைபாதைய மறைக்குது

பழைய ரகம் ஆள் உயரம் வரும், மாப்பிள்ளை சம்பாவுக்கு அது பிறவிக் குணம். மூணு மூங்கில் குச்சி நட்டு இடுப்பு உயரத்துலயும் மார் உயரத்துலயும் கயிறு சுத்துங்க. காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும், கைப்பிடிச் சுவர் மேல பக்கெட் வைக்கவே கூடாது. நகர மன்றத்துலேர்ந்து நோட்டீஸ் ஒட்டுனா வாதாடாதீங்க, எடுத்து உள்ள வெச்சிட்டு எங்க வைக்கலாம்னு அவங்களையே கேளுங்க.

போன வருஷ விதை இந்த வருஷம் முளைக்கல

இந்த ஊரு ஈரக்காத்துல வெளிய வெச்ச விதை சில மாசத்துல செத்துடும். மணி முக்கால்வாசிக்கு மேல வைக்கோல் நிறமானதும் அறுங்க, நிழலும் இளவெயிலுமா காய வைங்க, பல்லுல வெச்சுக் கடிச்சா டக்குனு உடையணும், நசுங்குனா இன்னும் ஈரம் இருக்கு. ராத்திரி வெளிய விட்டா பகல்ல காஞ்ச அத்தனையும் திரும்ப ஏறிடும், சாயங்காலமே டப்பால போட்டு மூடிடுங்க. நல்லா காஞ்சப்புறம் சிலிக்கா ஜெல் பையோட இறுக்கமான பாட்டில்ல போட்டு ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல. வெளிய எடுத்தா உடனே தொறக்காதீங்க, அரை நாள் அப்படியே விட்டு சூடு சமமானப்புறம் தொறங்க, இல்லனா உள்ள வேர்த்துடும்.

முளைச்சுது ஆனா ரகம் மாறிப்போச்சுனா, நெல்லு, கேழ்வரகுல அது பெரும்பாலும் கைதவறிக் கலந்ததுதான், நிறமோ உயரமோ மாறி நிக்கிற கதிர விதைக்கு எடுக்காம விட்டா போதும். கம்பு அப்படியில்ல, பக்கத்துக் கம்போட சேந்துடும், ரெண்டு ரகத்த ஒரே காரிடார்ல போடாதீங்க.

பாட்டில் மேல ரகம் பேரு, அறுத்த மாசம், அதோட "விதை, சமைக்காதீங்க"னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க. ரெண்டு வருஷம் சேத்து வெச்ச என் கேழ்வரகு விதை ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கூழா வந்து மேசைல நின்னுச்சு, அம்மாவக் குத்தம் சொல்ல முடியாது, பாட்டில்ல ஒண்ணுமே எழுதல.